இறங்கும்போது எந்தத் தைவதம்?

அம்பிட்டிய,
கண்டி.

வடக்கிலும் கிழக்கிலும் சங்கீதம் படித்துக்கொண்டிருக்கிற மலையகத்துத் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் உங்களில் மூன்று பேர் எனக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். ஒருத்தி மருதனார்மடத்திலிருந்து, மற்ற இருவரும் கல்லடியிலிருந்து. மூன்று பேரும் மூன்றாம் வருடம். சுகம் விசாரித்து, அம்மாவைக் கேட்டு, கண்டியில் மழையா என்று கேட்டு, கடைசியில்தான் விசயத்துக்கு வந்தீர்கள். "அக்கா, டவுன்ல ஒரு இன்டர்நெஷனல் ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் கேக்குறாங்க. விட்டுட்டு வந்துறவா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்திக்கு ஊரில் யாரோ ஒரு பெரிய மனிதரின் ஆள் நியமனம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவனுக்குக் காசு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மூவருக்கும் "விடாதே" என்றேன். ஏன் என்று கேட்டபோது ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஒரு தடவை தலாத்துஓயா பஸ்ஸில் நெரிசலுக்குள் நின்றேன். மற்ற இரண்டு தடவையும் எனக்கே சொல்லத் தெரியவில்லை. தொலைபேசி எடுக்காத பலரும் இதே கேள்வியோடு விடுதிக் கட்டிலில் புரண்டுகொண்டிருப்பீர்கள் என்று தெரியும். எனக்கு அந்தக் கட்டில் தெரியும். ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

பட்டம் இருந்தால் சம்பளத் தரம் கூடும், பதவி உயர்வு வரும், நல்ல இடத்தில் கலியாணம் பேசலாம் என்றெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். நான் அதைச் சொல்லப்போவதில்லை. பசித்திருக்கிறவளிடம் பத்து வருடம் கழித்து வரப்போகும் விருந்தைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு நாட்சம்பளம் 1000 ரூபாய் என்பது 2021 வரை வெறும் கோரிக்கையாகவே இழுபட்ட நாட்டில் நாங்கள் வளர்ந்தோம். அந்தச் சம்பளத்திலிருந்து ஒரு பிள்ளையைக் கம்பஸுக்கு அனுப்பி, சுருதிப்பெட்டி வாங்கிக் கொடுத்து, அரங்கச் செயன்முறைப் பரீட்சைக்குப் பட்டுச் சேலை எடுத்துக் கொடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடம் நடத்த எனக்கு உரிமையில்லை.

நானும் மூன்றாம் வருடத்தில்தான் தடுமாறினேன். 2015 அளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். உயர்தரம் சித்தியடைந்திருந்தால் போதும். கொடுப்பனவு மாதம் 6000 ரூபாய். அது 10,000 ஆனது பிறகுதான். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கு அது நியமனம். கடிதம் வரும், தலைப்பில் அரசாங்க முத்திரை இருக்கும், அப்பா அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைப்பார். என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு போனாள். அவள் எடுத்தது பிழை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவள் அனுப்பிய காசில்தான் தங்கச்சி உயர்தரம் முடித்தாள். அவளுடைய குரல் என் குரலைவிட நல்ல குரல். மேல் ஸ்தாயியில் நான் எட்டிப் பிடிக்கிற இடத்தில் அவள் சும்மா நின்றுகொண்டிருப்பாள்.

போன வருடம் வாணி விழாச் சமயத்தில் அவள் எனக்கு எடுத்தாள். ஒரு கீர்த்தனையில் சந்தேகம். சொன்னேன். வைக்கப்போகும்போது சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ரெண்டாம் வருசத்தோட நிக்குது. புள்ளைங்க அதத் தாண்டிக் கேட்டா யூடியூப்புல பாத்துச் சொல்லிக் குடுக்குறேன். பாத்துச் சொல்றது சரியான்னு நான் யாருகிட்ட கேக்குறது?"

உங்கள் மூவருக்கும் நான் சொல்லத் தெரியாமல் நின்ற பதில் இதுதான். அவள் சொல்லிவிட்டாள். இனி நான் அதை விரித்துச் சொல்ல வேண்டியதுதான் மிச்சம்.

கணக்கு டீச்சர் கரும்பலகையில் ஒரு வழியைப் பிழையாகச் செய்தால் பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் கண்டுபிடிப்பார்; இல்லாவிட்டால் பிள்ளையின் அண்ணன் வீட்டில் கண்டுபிடிப்பான். ஆங்கிலம் பிழைத்தால் பெற்றோர் கொப்பியோடு அதிபர் அறை வாசலில் நிற்பார்கள். சங்கீத டீச்சர் பிழையாகப் பாடினால்? அதிபர் தலையாட்டுவார். ஆசிரியர் ஓய்வறையில் "என்ன இனிமை மிஸ்" என்பார்கள். பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரதம விருந்தினர் கைதட்டுவார். பிள்ளைகள், பாவம், அந்தப் பிழையை அச்சுப் பிசகாமல் திருப்பிப் பாடும். பெரும்பாலான பாடசாலைகளில் சங்கீதத்துக்கு ஒரே ஒரு ஆசிரியர்தான். அந்தக் கட்டடத்தில் அவருக்கு மேல் காது கிடையாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்த இலுப்பைப்பூ இன்றைக்கு நான். நாளைக்கு நீங்கள்.

வலயத்திலிருந்து வருகிறவர்கள் பாட ஆயத்தக் குறிப்பைப் பார்ப்பார்கள், வரவுப் பதிவேட்டைப் பார்ப்பார்கள், கையெழுத்து வைத்துவிட்டுத் தேநீர் குடித்துப் போவார்கள். இத்தனை வருடத்தில் என்னைப் பாடச் சொல்லிக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் படித்த இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கீழே கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன், ஆகையால் அது அப்படியே இருக்கட்டும். நான்காம் வருடத்தில் பைரவி அட தாள வர்ணம் எடுத்தோம், பச்சிமிரியம் ஆதியப்பய்யர் செய்தது. நான் அதை வீட்டுக்கு வந்து சொல்லித்தந்த முதல் ஆசிரியரிடமே உயர்தரம் படிக்கும்போது பாடம் பண்ணியிருந்தேன். தெரிந்த வர்ணம் என்ற திமிரில் பாடினேன். சேர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இறங்கும்போது எந்தத் தைவதம்?"

"சுத்த தைவதம், சேர்."

"தெரியுதுதானே. பிறகு ஏன் அதைப் பாடுறேல்லை?"

பைரவியில் இரண்டு தைவதம் வரும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ப த நி ச என்று ஏறுகையில் சதுஸ்ருதி, ச நி த ப என்று இறங்குகையில் சுத்தம். எழுத்துப் பரீட்சையில் இதை நான் எத்தனையோ தடவை சரியாக எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். தொண்டை மட்டும் வருடக்கணக்காக இறங்கும்போதும் சதுஸ்ருதியையே பிடித்துக்கொண்டிருந்தது. முழுச் சதுஸ்ருதிகூட இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு திரிசங்கு. எனக்கு அது கேட்கவேயில்லை. முதல் மூன்று வருடமும் பைரவிக்குப் போகாததால் யாருக்கும் கேட்கவில்லை. அதை மாற்ற ஏழு வாரம் பிடித்தது. ஒவ்வொரு வகுப்பிலும் அதே இடத்தில் கை உயர்ந்தது. விடுதிக் குளியலறையில் நின்று ச நி த, ச நி த என்று அழுதிருக்கிறேன். எட்டாம் வாரம் கை உயரவில்லை. சேர் ஒன்றும் சொல்லாமல் சரணத்துக்குப் போனார்.

மூன்றாம் வருடத்தில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் வந்திருந்தால் அந்தத் திரிசங்குத் தைவதமும் என்னோடு பஸ் ஏறி வந்திருக்கும். உயர்தர வகுப்புக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். அதைக் கேட்டுப் படித்தவர்களில் ஒன்றிரண்டு பேர் இன்றைக்கு ஆசிரியராகியிருப்பார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லோரும் நல்ல மனதோடு பிழையைக் கைமாற்றிக்கொண்டிருந்திருப்போம்.

இதில் ஒரு சின்னச் சங்கதி. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சிங்கள சங்கீத ஆசிரியை இருக்கிறார். அவர்களுடையது ராகதாரி, வட இந்திய முறை. ஒரு நாள் நான் பைரவி பாடிக்கொண்டிருக்க, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இது என்ன ராகம் என்று கேட்டார். பைரவி என்றேன். இல்லவே இல்லை என்று சாதித்தார். அவர் சொன்னதும் சரி. அவர்களுடைய பைரவியின் ஸ்வரங்கள் நம்முடைய தோடியின் பக்கம் நிற்பவை. சுருதிப்பெட்டியை மதிலில் வைத்து அவர் ஒரு பைரவியும் நான் ஒரு பைரவியும் பாடி, அந்தி சாயும் வரை பேசிக்கொண்டிருந்தோம். என் தைவதம் பழைய தைவதமாக இருந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு நான் எதைக் காட்டியிருப்பேன்?

நீங்கள் இப்போது கேட்கப்போவது தெரியும். இணுவில் தவில் மேதை தட்சணாமூர்த்தி எந்தக் கம்பஸில் பட்டம் எடுத்தார்? 1933இல் பிறந்து 1975இல் மறைந்த அந்த மனிதரின் தவிலைத் தமிழ்நாட்டு வித்துவான்களே வாய் பிளந்து கேட்டார்கள். கையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்ததா? இல்லைத்தான். ஆனால் அவர் எங்கே வளர்ந்தார் என்று பாருங்கள். வீட்டில் தகப்பன் தவில்காரர். இணுவிலிலும் அளவெட்டியிலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை நாதஸ்வரமும் தவிலும். கோயில் வீதியில் ஒரு சொல்லுக்கட்டு பிசகினால் தேர் இழுக்கிற ஆளே திரும்பிப் பார்க்கிற ஊர். அந்த ஊரே அவருக்குப் பல்கலைக்கழகம். அவர் அதைப் பாதியில் விட்டுவிட்டு வரவில்லை. நமக்கு அப்படி ஓர் ஊர் இல்லை தம்பி. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் நீ பைரவியைக் கொன்று போட்டாலும் திரும்பிப் பார்க்க ஆளில்லை. நம்முடைய பிள்ளைகளுக்கு அந்த நான்கு வருடம்தான் இணுவில்.

கல்லடிப் பிள்ளைகள் வேறொரு பெயரைச் சொல்வீர்கள், உங்கள் நிறுவகத்தின் முகப்பிலேயே இருக்கிற பெயர். விபுலாநந்த அடிகள் முதலில் ஆசிரியப் பயிற்சி முடித்து வகுப்பறைக்குப் போனவர், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தைப் பிறகுதான் எடுத்தார். உண்மை. அப்படியென்றால் நானும் முதலில் வேலைக்குப் போய்ப் பிறகு படிக்கலாமே? ஆனால் அவர் அன்றைக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தது சங்கீதம் அல்ல. இசையை அவர் தொட்டது வேறு விதமாக. யாழ் நூலுக்குப் பதினான்கு ஆண்டு உழைத்தார் என்பார்கள். அது 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, ஜூலையில் அவர் கண்மூடினார். தனக்குச் சரி என்று படும்வரை அதை வெளியே விடாமல் வைத்திருந்த மனிதரை, அரைகுறையாக வெளியே வருவதற்குச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

உங்களில் சிலர் கம்பஸுக்குப் போகும்போதே வட இலங்கைச் சங்கீத சபையின் ஆறாம் தரம் முடித்து, பெயருக்குப் பக்கத்தில் கலாவித்தகர் போட்டுக்கொண்டவர்கள். அவர்களுக்கு இன்னும் கூச்சம் குறைவு. பட்டமே ஏற்கெனவே இருக்கிறது, இனி எதற்கு மிச்சப் படிப்பு என்கிறார்கள். அந்தப் பரீட்சையை நானும் எழுதினேன், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பரீட்சகருக்கு முன்னால் அரை மணி நேரம், நாம் ஆயத்தம் செய்து கொண்டுபோனதைப் பாடுகிறோம். ஆயத்தம் செய்யாததை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொண்டை கட்டியிருக்கும்போது ஒருவர் பக்கத்திலிருந்து கேட்பது வேறு. சென்னை மியூசிக் அகாடமி 1931இலேயே, கச்சேரிக்காரர்களுக்கல்ல, சங்கீத ஆசிரியர்களுக்கென்று தனியாக ஒரு கல்லூரி தொடங்கி, அதற்குத் தலைமை தாங்க டைகர் வரதாச்சாரியாரைப் பிடித்து வைத்தது. மேடையில் பாடுகிறவர் பிழைவிட்டால் அந்த ஒரு கச்சேரியோடு போகும். ஆசிரியர் பிழைவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அம்பிட்டிய என்றால் கண்டிக்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது குருமடம். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ காலத்தில், 1893இல், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உள்ளூர்க் குருமாரை உருவாக்கவென்று இந்த மலையில் அதைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கப்பலேறி வந்து படித்திருக்கிறார்கள். 1955இல் அது புனேக்குப் போய்விட்டது. இப்போது இங்கே இருப்பது இலங்கைக்கான தேசிய குருமடம். நான் சைவக்காரி, அவர்கள் வேதம் எனக்குத் தெரியாது. ஆனால் சின்ன வயதிலிருந்து வெள்ளை அங்கி போட்ட அந்தப் பிள்ளைகள் பாதையில் நடந்து போவதைப் பார்க்கிறேன். மெய்யியல், இறையியல் என்று வருடக்கணக்காக இருக்கிறார்கள். குருமார் இல்லாத பங்குகள் நாட்டில் இல்லையா? பூசைக்கு ஆள் தேவை என்று எந்த ஊரும் கேட்பதில்லையா? கேட்கும். இருந்தும் நாலாம் வருடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பீடத்தில் ஏற்றுவதில்லை. அதற்கு அந்தப் பிள்ளையின் சம்பளத் தரம் காரணமில்லை. முழங்காலில் நிற்கப்போகிற சனங்கள்தான் காரணம்.

சரி, படிப்பிலேயே குறை இல்லையா என்றால், இருக்கிறது, நிறையவே. மும்மூர்த்திகள் பிறந்த வருடம், சமாதியடைந்த வருடம், முத்திரை, சீடர் பெயர் என்று கொப்பி கொப்பியாக எழுதினோம். எழுபத்திரண்டு மேளகர்த்தாவை மனப்பாடம் செய்தோம். இதையெல்லாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது, நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் உடைகிற குரலோடு இருக்கும் பையன்களுக்கு எந்தச் சுருதி வைப்பது, சுருதிப்பெட்டியே இல்லாத பாடசாலையில் என்ன செய்வது என்று நான்கு வருடத்தில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. விடுதியில் நம் பேச்சைக் கேட்டு "தோட்டக்காடு" என்று சிரித்தவர்களை மறக்கவில்லை. நீங்களும் மறக்க வேண்டாம். அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. மாசியில் எங்கள் லயங்களுக்கு நடுவே காமன் கூத்து ஆடுகிறபோது தப்பு அடிக்கிற பெரியப்பாவின் கையில் இருக்கிற லயத்தை, நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட, ஒருவரும் இசை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வெட்கம்.

அதனால்தான் நான்காம் வருடத்து ஆய்வுக்கட்டுரையை விட்டுவிட்டு வராதீர்கள் என்கிறேன். அது உங்கள் கையில் தருகிற ஒரே திறப்பு. என்னுடையதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. மூன்று பழைய ஆய்வுகளைப் பார்த்து நாலாவதாக எழுதினேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். தப்பைப் பற்றி எழுதுங்கள், அர்ச்சுனன் தபசுப் பாட்டைப் பற்றி எழுதுங்கள். கண்டிப் பிள்ளைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. கண்டிய நடனத்தின் பதினெட்டு வண்ணங்களைக் கேட்டிருப்பீர்கள்; அந்த வண்ணத்துக்கும் நம்முடைய வண்ணத்துக்கும் ஏதாவது உறவு உண்டா? 1739 தொடக்கம் 1815 வரை இங்கே ஆண்ட நாயக்க வம்சத்தாரின் உறவினர் குடியிருந்த மலபார் வீதி நம் பஸ் பாதைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மதுரைப் பக்கத்துச் சங்கீதம் ஏதாவது அவர்களோடு மலையேறியதா? வகுப்பறைக்குப் போன பிறகு இதைத் தேட நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். கிடைக்காது. சங்கீதப் பாடவேளையைக் கணக்குக்குக் கேட்பார்கள். வராத ஆசிரியரின் வகுப்புக்கு உங்களை அனுப்புவார்கள். தமிழ்த் தினப் போட்டி வந்தால் இரண்டு மாதம் அதோடு போகும், அது முடிய ஒளிவிழா வரும். அமைச்சர் வருகிறார் என்றால் மூன்று நாளில் வரவேற்புப் பாட்டு வேண்டும், அமைச்சரின் பெயரும் தாளத்தில் உட்கார வேண்டும். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்பது தெரிந்ததே. ஆசிரியரான பிறகு சட்டிக்குள் எதையும் போட யாருக்கும் நேரமில்லை, எல்லோரும் அகப்பையோடுதான் வருவார்கள்.

பட்டம் முடித்தவுடன் வேலை கிடைக்கும் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். நான்கு வருடப் படிப்பு வேலைநிறுத்தங்களில் இழுபட்டு முடிந்தது. அதற்கு மேல் மூன்று வருடம் வீட்டில் இருந்தேன். பட்டதாரிகள் கொழும்பு வீதிகளில் தண்ணீர்ப் பீரங்கியில் நனைந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து அம்மா அழுதார். 2020இல் பயிலுனர்களாக எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபாய். முதலில் என்னைப் போட்டது ஓர் அரச அலுவலகத்தில், கோப்புகளுக்கு இலக்கம் போட. மேசையில் தாளம் தட்டிக்கொண்டு இலக்கம் போட்டேன். பாடசாலைக்கு வந்தது அதற்குப் பிறகு. இந்தக் காத்திருப்பு அநியாயம். பிள்ளைகள் சங்கீத ஆசிரியர் இல்லாமல் இருக்க, சங்கீத ஆசிரியர் வீட்டில் இருப்பது இந்த நாட்டுக்கு மட்டுமே விளங்குகிற கணக்கு. ஆனால் அந்த மூன்று வருடத்தில் அம்பிட்டியவிலும் அக்கம்பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் காசில் சமாளித்தேன். பாதியில் வந்திருந்தால் அதற்கும் எனக்குத் தைரியம் வந்திருக்காது.

இனிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

விலகல் கடிதத்தை எழுதியிருந்தால் கொடுக்காதீர்கள். காசுதான் பிரச்சினை என்றால், தம்பி, வெட்கப்படாமல் துறைத் தலைவரிடம் போய் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு வருடம் ஒத்திவைக்க வழியுண்டா, உதவிக்கு ஏதாவது நிதியுண்டா என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் கேட்காமலே மறைந்துபோவதில் கெட்டிக்காரர்கள். இங்கே கண்டியில் பட்டம் முடித்து வேலையில் இருக்கிறவர்களும் இருக்கிறோம். ஆளுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் போட்டால் ஒருவருக்கு விடுதிச் செலவு ஒரு மாதம் ஓடும். இதை நான் மற்றவர்களிடம் பேசத் தொடங்கிவிட்டேன். இது தர்மம் இல்லை, கடன். பிறகு வருகிற பிள்ளைக்கு நீங்கள் கட்டுங்கள்.

இன்டர்நெஷனல் ஸ்கூல்காரர்களிடம், தங்கச்சி, ஒரு வருடம் கழித்து வருகிறேன் என்று சொல். அவர்கள் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். எடுக்கட்டும். கண்டியில் சங்கீதம் கேட்கிற பிள்ளைகள் ஒரு வருடத்தில் தீர்ந்துவிட மாட்டார்கள். நியமனம் எடுத்துத் தருவதாகச் சொல்கிற ஆளிடம் மற்றத் தங்கச்சி என்ன சொல்ல வேண்டும் என்பதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது, நேரில் சொல்கிறேன்.

மிச்சமிருக்கிற மாதங்களில் உங்களுக்குத் தெரிந்த உருப்படியைப் பாடிப் பாராட்டு வாங்காதீர்கள். எது வரவில்லையோ அதைக் கொண்டுபோய் ஆசிரியருக்கு முன்னால் வையுங்கள். கேட்க வெட்கமாக இருக்கிற கேள்விகளைக் கேளுங்கள். கை உயர்ந்தால் அழுங்கள், ஆனால் அடுத்த வகுப்புக்கும் போங்கள். முடித்துவிட்டு ஏ-9இல் தம்புள்ளை தாண்டியோ, மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறியோ வீட்டுக்கு வாருங்கள்.

வந்த பிறகு ஒரு சனிக்கிழமை கண்டியில் தலாத்துஓயா பஸ் ஏறி அம்பிட்டியச் சந்தியில் இறங்குங்கள். எந்தச் சனிக்கிழமையும் வீட்டில்தான் இருப்பேன். நான் பட்டம் முடித்து வந்ததிலிருந்து என் பைரவியை நிறுத்தித் தைவதத்தைப் பற்றிக் கேட்ட ஆள் ஒருவரும் இல்லை. அந்தத் தைவதம் இன்னும் இருந்த இடத்தில் இருக்கிறதா, பழையபடி நழுவிவிட்டதா என்று எனக்கே நிச்சயமில்லை. சில நாட்களில் நழுவிவிட்டதுபோலத்தான் கேட்கிறது. சுருதி போட்டு வைக்கிறேன், நான் பாடுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிசகினால் கையை உயர்த்துங்கள்.

அன்புடன்,
அம்பிட்டிய அக்கா